உளுவை

ஆற்றில் கால் வைத்ததும் மணலே துள்ளி ஓடுவதுபோல் ஏதேனும் ஓடினால், அது பெரும்பாலும் உளுவை மீன்தான். நிறம் மணலின் நிறம். கண்கள் தலையின் மேற்புறத்தில். 1822-ஆம் ஆண்டில் கங்கை மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஹாமில்டன் இதனையும் விவரித்தார். நம் காவிரியிலும், ஏரிகளிலும், கழிமுகத்து உவர்நீரிலும் இது வாழ்கிறது.

எனக்கு வியப்பளிப்பது அதன் வயிற்றுத் துடுப்பு. கெண்டைக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும் அவ்வுறுப்பு, உளுவைக்கு ஒன்றாகக் கூடிக் கிண்ணம்போல் அமைந்திருக்கிறது. இக்குடும்பத்து மீன்கள் பல, அக்கிண்ணத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். முட்டைகளையும் அடித்தரையில் ஒட்டியே இடும், ஆண் மீன் காவல் இருக்கும் (தாய்க்கு அவ்வேலை இல்லை!). ஆற்று மணலை ஒட்ட வாரிவிட்டால், கெண்டை நடுநீரில் வேறிடம் தேடலாம். உளுவைக்குப் படுக்கையும் தொட்டிலும் ஒருங்கே போய்விடும்.