இருமலைக் கேட்டே நோயைச் சொல்லுமா ஏஐ?

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து நாலு தடவை இருமினால் போதும். கொரோனாவா, டிபியா என்று ஆப் சொல்லிவிடும். கொரோனா காலத்திலிருந்தே இப்படிப்பட்ட அறிவிப்புகள் வருகின்றன. இது நிஜமா?

எப்படி வேலை செய்கிறது?

நுரையீரலில் சளி கட்டினாலோ, மூச்சுக்குழாய் சுருங்கினாலோ இருமலின் ஒலி மாறும். அந்த ஒலியை கம்ப்யூட்டர் 'ஸ்பெக்ட்ரோகிராம்' என்ற படமாக மாற்றும். எந்த நொடியில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலித்தது என்பது அதில் தெரியும். நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு தரப்பின் படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டினால், வித்தியாசத்தை மெஷின் தானே கற்றுக்கொள்ளும்.

சறுக்கியது எங்கே?

2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், கொரோனா உறுதியானவர்களில் 98.5 சதவீதம் பேரை இருமலை வைத்தே தங்கள் மாடல் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். பெரும் பரபரப்பு.

பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, ஆலன் டூரிங் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இந்த நுட்பத்தை 67,842 பேரின் ஒலிப்பதிவுகளில் சோதித்தனர். எல்லோருக்கும் பிசிஆர் முடிவு கையில் இருந்தது. முதலில் கிடைத்த மதிப்பெண் 0.85. (0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. 1 என்றால் முழுத் துல்லியம்.) பிறகு, ஒரே மாதிரி அறிகுறி உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டபோது அது 0.62 ஆகச் சரிந்தது.

காரணம் எளிது. தொற்று இருந்தவர்களில் பலருக்கு அறிகுறிகள் இருந்தன; தொற்று இல்லாதவர்களில் பலர் நலமாக இருந்தனர். மெஷின் கற்றது 'உடம்பு சரியில்லாத' ஒலியை. கொரோனாவின் ஒலியை அல்ல. 'காய்ச்சல் இருக்கா? வாசனை தெரியுதா?' என்று கேட்பதைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என 2024-ல் அந்த ஆய்வு முடிவு சொன்னது.

அப்போ வீணா?

அப்படியும் இல்லை. 30 கோடி ஒலித்துண்டுகளில் பயிற்சி பெற்ற கூகுளின் 'ஹியர்' மாடலை, டிபியைக் கண்டறிய உதவுமா என்று ஹைதராபாத்தின் சால்சிட் டெக்னாலஜிஸ் ஆராய்கிறது. எக்ஸ்-ரே வசதி இல்லாத ஊரில், யாரை முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று வடிகட்ட இது உதவலாம். நோயை உறுதி செய்வது லேப் மட்டுமே.

எதைக் கவனிக்கணும்?

'95% துல்லியம்' என்று ஒரு ஆப் விளம்பரம் செய்தால், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். நலமாக இருப்பவர்களோடா, வேறு காரணத்தால் இருமுபவர்களோடா? இரண்டாவதுதான் உண்மையான பரீட்சை. ஆப் 'நெகட்டிவ்' என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் டிபி பரிசோதனை இலவசம்.