வாழைக்காயும் வாழைப்பழமும்

மைசூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்த பொருள்களுள் வாழை கனியும் விதமும் ஒன்றாகும். இனிக்கும் பழத்திலேயே கார்போஹைட்ரேட்டு உண்டு, காயில் இல்லை எனப் பலர் எண்ணுவர். உண்மையில் மொத்த அளவு பெரிதும் மாறுவதில்லை, வடிவமே மாறுகிறது. பச்சைக்காயின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு மாவுச்சத்தாகும். கனிகையில் நொதிகள் அதனைச் சர்க்கரையாக்க, ஓரிரு பங்கே எஞ்சும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். வெட்டிய காயின்மீது அயோடின் கரைசல் ஒரு துளி விட்டால் கருநீலமாகும். நன்கு கனிந்த பழத்தில் அந்நிறம் மங்கும். சோதித்த துண்டை உண்ணலாகாது.

பச்சை மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிப்பதில்லை. வேகவைத்தபின் பெரும்பாலும் செரித்துச் சர்க்கரையாகும். ஆகவே, நீரிழிவு நோயினர் பழத்தை மட்டுமன்றி வாழைக்காய்க் கறியையும் அளவறிந்து உண்ணல் வேண்டும் என்பதைக் களப்பணியாளர்கள் எடுத்துரைத்தல் நலம்.