பிக்கப் வாங்கப் போறீங்களா? மைலேஜ் கேட்கும் முன் இதைக் கேளுங்க

வீட்டில் எக்செல் தெரிந்த ஆள் நீங்கதான். அதனால் சொந்தமா லோடு வண்டி வாங்க நினைக்கும் சித்தப்பாவோ மச்சானோ உங்களைத்தான் கேட்பார்: "டீசலா, பெட்ரோலா, சிஎன்ஜியா, இல்ல எலெக்ட்ரிக்கா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், 2005-ல் டீசல் வண்டியாகத்தான் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது கதை மாறியது. டீசல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவு சின்ன வண்டிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. அதன் சூப்பர் கேரி இப்போது பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் மட்டும்தான் கிடைக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

2025-ன் டெல்லி பங்க் விலையை ஒட்டி ஒரு கணக்கு போடுவோம். மைலேஜும் கரண்ட் விலையும் நம் அனுமானம்தான். உங்க ஊர் எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

- பெட்ரோல்: லிட்டர் ₹95, 15 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு ₹6.33
- டீசல்: லிட்டர் ₹88, 18 கி.மீ. ஓடினால் ₹4.89
- சிஎன்ஜி: கிலோ ₹77, 20 கி.மீ. ஓடினால் ₹3.85
- எலெக்ட்ரிக்: யூனிட் ₹10, 4 கி.மீ. ஓடினால் ₹2.50

அப்போ எலெக்ட்ரிக்தானே பெஸ்ட்? அவசரப்படாதீங்க. பங்கில் மிச்சமாகும் காசு, ஷோரூமில் கூடுதலாகக் கொடுத்த காசை எப்போது ஈடுகட்டும் என்பதுதான் கேள்வி.

தினமும் எத்தனை கி.மீ.?

சிஎன்ஜி வண்டி பெட்ரோலைவிட ₹1 லட்சம் கூட என்று வைப்போம். கி.மீ.க்கு ₹2.48 மிச்சம். போட்ட காசு திரும்ப சுமார் 40,000 கி.மீ. ஓடணும். எலெக்ட்ரிக் ₹2.5 லட்சம் கூட என்றால் சுமார் 65,000 கி.மீ.

வருஷத்துக்கு 300 நாள் வேலை. தினமும் 80 கி.மீ. ஓட்டுபவருக்கு சிஎன்ஜி ஒன்றே முக்கால் வருஷத்துக்குள் காசைத் திருப்பித் தந்துவிடும். எலெக்ட்ரிக்குக்கு மூன்று வருஷத்துக்குள். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் 30 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு? சிஎன்ஜிக்கே நாலரை வருஷம், எலெக்ட்ரிக்குக்கு ஏழு வருஷத்துக்கு மேல்.

இங்கேதான் பலர் மாட்டிக்கிறாங்க. வண்டி ஓடாத நாளில் எரிபொருள் செலவு இல்லை. இஎம்ஐ மட்டும் நிற்காது. குறைவா ஓடும் வண்டிக்கு விலை குறைந்த பெட்ரோல்தான் பாதுகாப்பு.

கணக்கில் வராத விஷயங்கள்

சிஎன்ஜி: விலை ஊருக்கு ஊர் மாறும். அதே வண்டிக்கு கிலோ ₹92 என்றால் கி.மீ. செலவு ₹4.60, டீசலோடு வித்தியாசம் 30 பைசாகூட இல்லை. பங்கில் வரிசையில் நிற்கும் நேரமும் ஒரு செலவுதான்.

எலெக்ட்ரிக்: 2022-ல் வந்த ஏஸ் இவி-யின் பேட்டரி 21.3 கிலோவாட்-ஹவர், சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 154 கி.மீ. லோடும் வெயிலும் சேர்ந்தால் அது குறையும். ராத்திரி வண்டி நிறுத்தும் இடத்தில் சார்ஜ் வசதி இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

டீசல்: ஒன்றரை டன் லோடு, மலைப்பாதை, ஊர் விட்டு ஊர் ஓட்டம் என்றால் டீசல் இழுவைக்கு இன்னும் மவுசு உண்டு. ஆனால் நகரத்துக்குள் நின்று நின்று ஓடினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டெல்லி பக்கம் ஓட்டுவதாக இருந்தால் இன்னொரு ரிஸ்க்: 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2025-ல் விவகாரம் மறுபடி நீதிமன்றம் போனது. இந்தக் குழப்பம் மறுவிற்பனை விலையைத்தான் முதலில் அடிக்கும்.

சித்தப்பாவுக்கு என்ன சொல்லலாம்?

"முதல்ல ஒரு மாசம் வாடகை வண்டி ஓட்டுங்க. தினமும் எத்தனை கி.மீ., எவ்வளவு லோடுனு நோட்டில் எழுதுங்க." அந்த நோட்டைப் பார்த்துட்டு ஷோரூம் போகலாம்.