சிரிப்பு யார் பக்கம்? 2007-ல் வந்த அமெரிக்க காமெடி தொடர்களில் நல்லதும் மோசமானதும்

அப்பா ரிட்டயர் ஆனதும் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் மாலை போன் செய்தார்.

"தம்பி, அக்கா கல்யாண போட்டோ எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டு ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போனேன். உள்ளே ஒரு போட்டோகூட இல்லைங்கிறாங்க."

எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். டெஸ்க்டாப்பில் 'கல்யாணம்' என்ற பெயரில் இருந்த ஐகானைக் காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்திருக்கிறார். அது போட்டோக்கள் இருக்கும் போல்டர் இல்லை. அந்த போல்டருக்குப் போக நான் வைத்திருந்த ஷார்ட்கட். அதாவது, வீட்டைக் கொண்டு போவதாக நினைத்து வீட்டு முகவரி எழுதிய காகிதத்தைக் கொண்டு போயிருக்கிறார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறையில் இருந்த நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "சரிப்பா, வச்சிடறேன்" என்று சொல்லி அப்பா போனை வைத்தார். அதன் பிறகு இரண்டு மாதம் கம்ப்யூட்டரைப் பற்றி என்னிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய அமெரிக்க காமெடி தொடர் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் பகுதியிலேயே ஒரு காட்சி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. பிறகு அதே பருவத்தில் வந்த மற்ற புதுத் தொடர்களையும் தேடிப் பார்த்தேன். பார்த்தபோது என் மனதில் இருந்தது ஒரே கேள்விதான். இந்தத் தொடர், ஒன்று தெரியாத மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறதா, அவனோடு சேர்ந்து சிரிக்கிறதா?

ஏன் 2007?

அமெரிக்காவில் டிவி சேனல்கள் பெரும்பாலான புதுத் தொடர்களை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தொடங்கும். பார்ப்பவர்கள் எண்ணிக்கை குறைந்தால் சில வாரங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் ஊர் மெகா தொடர்கள் போல வருடக்கணக்கில் பொறுமை காட்டமாட்டார்கள்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு 2007-ஆம் ஆண்டுப் பருவம் ஒரு விசேஷமான பருவம். கம்ப்யூட்டரையும் அறிவியலையும் கட்டிக்கொண்டு அழும் இளைஞர்களை நாயகர்களாக வைத்த இரண்டு காமெடி தொடர்கள் ஒரே நாளில், 2007 செப்டம்பர் 24 அன்று, தொடங்கின. ஒன்று என்.பி.சி. சேனலில் 'சக்'. இன்னொன்று சி.பி.எஸ். சேனலில் 'தி பிக் பேங் தியரி'. அப்போது நான் ஆரம்பப் பள்ளிச் சிறுவன். இவற்றைப் பார்த்ததெல்லாம் பிறகுதான்.

முதல் இடம்: சக்

சக் பார்டோவ்ஸ்கி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவன். செய்யாத தவறுக்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டவன். இப்போது ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறான். ஒரு நாள் பழைய நண்பனிடமிருந்து ஒரு இமெயில் வருகிறது. திறந்தால் ஆயிரக்கணக்கான படங்கள் ஓடுகின்றன. அமெரிக்க அரசின் ரகசியங்கள் அத்தனையும் அந்தப் படங்கள் வழியாக அவன் மூளைக்குள் ஏறிவிடுகின்றன. இவ்வளவும் எப்படி ஒரு இமெயிலில் வந்தது என்று கேட்காதீர்கள். நாம் நாலு போட்டோ சேர்த்து அனுப்பினாலே 'பைல் பெரிதாக இருக்கிறது' என்று சொல்லிவிடும்!

சக்காக நடித்தவர் சக்கரி லீவை. தொடரை உருவாக்கியவர்கள் ஜோஷ் ஷ்வார்ட்ஸ், கிறிஸ் பெடக். ஒரு மணி நேரத் தொடர், பாதி சண்டை, பாதி சிரிப்பு. முதல் பகுதியின் முடிவில் ஒரு வெடிகுண்டை இயக்கும் லேப்டாப்பை சக் எப்படி நிறுத்துகிறான் தெரியுமா? வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த ஒரு வைரஸ் பக்கத்தை வேண்டுமென்றே அந்த லேப்டாப்பில் திறக்கிறான். லேப்டாப் முடங்குகிறது, குண்டும் அடங்குகிறது. வைரஸால் விளைந்த நன்மை என்று நான் பார்த்தது இது ஒன்றுதான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்த காட்சி இது இல்லை. கடைக்கு ஒரு அப்பா வருகிறார். மகளின் பாலே நடனத்தை வீடியோ கேமராவில் படம் பிடித்தாராம், எதுவும் பதிவாகவில்லையாம். சக் கேமராவைத் திறந்து பார்க்கிறான். உள்ளே டேப் இல்லை. டிஜிட்டல் கேமரா என்றால் டேப் தேவையில்லை என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

மற்ற தொடராக இருந்தால் இங்கே பெரிய சிரிப்பு வந்திருக்கும். சக் சிரிக்கவில்லை. கடையிலேயே இடம் ஒதுக்கி, அந்தச் சிறுமியை மறுபடியும் ஆட வைத்து, அப்பாவை மறுபடியும் படம் பிடிக்கச் செய்கிறான். உயரமாக இருப்பதால் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் பெண் அவள். அன்று அவள் மட்டும் தனியாக ஆடுகிறாள்.

டேப் இல்லாத கேமரா, போட்டோ இல்லாத பென் டிரைவ். எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொடருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை எப்போதும் இழுபறிதான். 2009-ல் நிறுத்திவிடுவார்களோ என்ற நிலை வந்தபோது, விளம்பரதாரர்களில் ஒன்றான 'சப்வே' கடைகளுக்குப் போய் ரசிகர்கள் சாண்ட்விச் வாங்கித் தங்கள் ஆதரவைக் காட்டினார்கள். தொடர் பிழைத்தது. மொத்தம் 91 பகுதிகள் ஓடி 2012 ஜனவரியில் முடிந்தது.

இரண்டாம் இடம்: ஏலியன்ஸ் இன் அமெரிக்கா

தி சி.டபிள்யூ. சேனலில் 2007 அக்டோபர் 1 அன்று தொடங்கிய தொடர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறு ஊர். பள்ளியில் யாரும் மதிக்காத ஜஸ்டின் என்ற பையனுக்கு நண்பன் கிடைக்கட்டும் என்று, வெளிநாட்டு மாணவன் ஒருவனை வீட்டில் தங்க வைக்க அம்மா ஏற்பாடு செய்கிறாள். ஐரோப்பாவிலிருந்து ஒரு அழகான பையன் வருவான் என்று எதிர்பார்க்கிறாள். வந்து இறங்குவது பாகிஸ்தானிலிருந்து ராஜா. நடித்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் ஆதிர் கல்யாண்.

முதல் பகுதியில் வகுப்பு ஆசிரியை ராஜாவை முன்னால் வைத்துக்கொண்டே, அவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மாணவர்களைக் கேட்கிறார். உலகம் தெரியாத பதில்கள் வருகின்றன. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு ராஜா மேல் இல்லை. அவனைக் கேட்கத் தெரியாமல் கேட்டவர்கள் மேல். அதே நேரத்தில் அந்த ஊர்க்காரர்களையும் கெட்டவர்களாகக் காட்டவில்லை. பழகப் பழக மாறுகிறார்கள்.

18 பகுதிகளோடு ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது இதுதான்.

இரண்டு மனதோடு: தி பிக் பேங் தியரி

வெற்றியை வைத்துப் பார்த்தால் இதுதான் முதலிடம். 12 பருவங்கள், 279 பகுதிகள், 2019 மே வரை ஓடியது. உருவாக்கிய இருவரில் ஒருவரான பில் ப்ரேடி, எழுத்தாளர் ஆவதற்கு முன்பு நம்மைப் போல புரோகிராமர். தொடரில் வரும் வெள்ளைப் பலகைகளில் இருக்கும் சமன்பாடுகளும் சும்மா கிறுக்கியவை அல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் சரிபார்த்துக் கொடுத்தவை.

முதல் பகுதியில் ஷெல்டன் தன் சோபாவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் உட்காருவேன் என்பதற்குக் காரணம் சொல்வான். குளிர்காலத்தில் ஹீட்டருக்கு எவ்வளவு தூரம், கோடையில் காற்று எந்தப் பக்கம், டிவி எந்தக் கோணம் என்று அடுக்குவான். எங்கள் ஆபீசில் இப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். நான்காவது நான்.

பிறகு ஏன் இரண்டு மனது? இது பார்வையாளர்களை எதிரில் உட்கார வைத்துப் படம் பிடித்த தொடர். அவர்கள் சிரிப்பதும் நமக்குக் கேட்கும். பல இடங்களில், ஒரு பாத்திரம் ஏதாவது அறிவியல் சொல்லைச் சொன்னாலே போதும், சிரிப்பு வந்துவிடுகிறது. ஜோக் எங்கே என்று நான் தேடினேன். 'இவன் இதெல்லாம் பேசுகிறான் பார்' என்பதுதான் ஜோக். டெல்லியிலிருந்து வந்த ராஜ், ஒரு வாய் குடிக்காமல் பெண்களிடம் பேசவே முடியாதவன். குணால் நய்யார் அருமையாக நடித்திருக்கிறார். ஆனாலும் ஆரம்பப் பருவங்களில் அவனுடைய கூச்சத்தைத் தவிர வேறு எதையும் எழுதியவர்கள் அதிகம் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. இன்ஜினியரிங் முதல் வருடத்தில் ஆங்கிலத்தில் பேச வாய் வராமல் நின்றவன் நான். அந்த மௌனம் எனக்குச் சிரிப்பாக இல்லை.

சுமார்: கார்பூலர்ஸ்

ஒரே காரில் வேலைக்குப் போய்வரும் நான்கு ஆண்களின் கதை. ஏ.பி.சி. சேனலில் 2007 அக்டோபர் 2-ல் தொடங்கியது. மனைவி தன்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாளோ என்று ஒருவன் கவலைப்படுவதில் ஆரம்பிக்கிறது. தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குத் தெரியும், பயணத்தில் எவ்வளவு கதை இருக்கிறது என்று. இவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கடைசி இடம்: கேவ்மென்

அதே நாளில், அதே சேனலில் தொடங்கிய தொடர் இது. இதன் கதை ஒரு விளம்பரத்தில் ஆரம்பிக்கிறது. கெய்கோ என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் 2004-ல் தன் இணையதளத்துக்கு ஒரு விளம்பரம் செய்தது. 'எங்கள் தளம் அவ்வளவு சுலபம், குகை மனிதன்கூடப் பயன்படுத்துவான்' என்று ஒருவர் பேசுவார். மைக் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரே ஒரு குகை மனிதர்! கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

நல்ல ஜோக். ஏன் நல்ல ஜோக் என்றால், அவமானப்பட்டவன் பக்கம் நின்று சிரிக்கிறது. 'இது சின்னக் குழந்தைகூடச் செய்யும் சார்' என்று கம்ப்யூட்டர் விஷயத்தில் உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்த மைக்காரரின் கோபம் உங்களுக்குப் புரியும்.

அந்த விளம்பரத்தை எழுதிய ஜோ லாசனே இதைத் தொடராகவும் எழுதினார். இன்றைய நகரத்தில் மூன்று குகை மனிதர்கள் வாழ்கிறார்கள், எல்லோரும் அவர்களை மட்டமாக நடத்துகிறார்கள். அரை நிமிடத்துக்கு இருந்த ஜோக்கை அரை மணி நேரத்துக்கு இழுத்தபோது அது திசை மாறிவிட்டது. நிஜத்தில் அவமானப்படும் மக்களின் இடத்தில் தாடியும் மேக்கப்பும் போட்ட மூன்று பேரை வைத்து, கடைசியில் அவர்களைப் பார்த்தே சிரிக்கச் சொன்னார்கள். நிற வேற்றுமையைக் கேலிப்பொருள் ஆக்குகிறது என்று கண்டனம் வந்து, முதல் பகுதியை மாற்றி எடுத்தார்கள். அப்படியும் தேறவில்லை. எடுத்த 13 பகுதிகளில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது 6 மட்டுமே.

நடுவில் வந்த வேலைநிறுத்தம்

அந்தப் பருவத்தை எல்லாத் தொடர்களுக்குமே கெடுத்தது எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம். 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நடந்தது. முக்கியக் கோரிக்கை, தொடர்களை இன்டர்நெட்டில் பார்க்கும்போது எழுதியவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது. வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவி தொடர் பார்க்கும் காலம் வரப்போகிறது என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். அதனால்தான் 'சக்' முதல் பருவம் 13 பகுதிகளிலும், 'பிக் பேங்' 17 பகுதிகளிலும் முடிந்தன.

பார்ப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்

ஆங்கிலம் வேகமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உங்களிடம் உள்ள டிவிடியை வி.எல்.சி. பிளேயரில் போட்டு, கீபோர்டில் 'வி' எழுத்தை அழுத்துங்கள். சப்டைட்டில் வரும். மறுபடி அழுத்தினால் அடுத்த மொழிக்கு மாறும். புரியாத இடத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் நிற்கும். நானும் இப்படித்தான் பார்த்தேன்.

இனி அப்பா விஷயம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐகானின் இடது மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட் என்று காட்டினேன். அதில் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் பைல் லொகேஷன்' கொடுத்தால் உண்மையான போல்டர் இருக்கும் இடத்துக்குப் போகலாம். காப்பி செய்த பிறகு 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்க்க வேண்டும். ஓரிரு கே.பி. என்று காட்டினால் போட்டோ வரவில்லை, முகவரிதான் வந்திருக்கிறது.

அப்பா நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே, "அன்னிக்கு பக்கத்துல யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் நாங்கள் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போய் 60 போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு வந்தோம்.

இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்தேகம் கேட்டுப் போன் வருகிறது. ஸ்பீக்கரை ஆப் செய்துவிட்டுத்தான் பேசுகிறேன்.