பழுது பார்ப்பதா? புதிது வாங்குவதா?

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டிஜிட்டல் கேமரா உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். பிள்ளைக்குப் பெயர் சூட்டிய நாளையும், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவரை வழியனுப்பிய காட்சியையும் பதிவு செய்த அதே கேமரா. பெருநாளன்று ஆசையாக எடுத்தால், லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்வதா, வேறொன்று வாங்குவதா?

பொறுங்கள். முதலில் மெமரி கார்டைக் கழற்றி, அதிலுள்ள படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். தவறுதலாக அழித்துவிட்ட படங்கள் இருந்தால், அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதியாதீர்கள். மேலே வேறொன்று பதியாதவரை அவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

எங்கள் கேமரா 2009-இல் வாங்கியது. அது பழுதானபோது கார்டு வெறுமையாக இருந்தது. வாப்பா வஃபாத்தாவதற்கு முந்திய பெருநாளில் எடுத்த படங்கள் எங்கே என்று உம்மா கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. சில கேமராக்களுக்குக் கார்டு இல்லாமலேயே சில படங்களைச் சேமிக்கும் உள்நினைவகம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. படம் பார்க்கும் பொத்தானை அழுத்தி இயக்கினேன். லென்ஸ் அசையாமலேயே திரை ஒளிர்ந்தது. ஏழு படங்கள். இரண்டில் வாப்பா சிரித்துக் கொண்டிருந்தார்கள். கேபிள் வழியே கணினிக்கு மாற்றி முடிக்கும்வரை உம்மா அருகிலிருந்து நகரவில்லை.

இனி செலவுக் கணக்கு. பாட்டரியோ அதன் முனைகளோ மட்டும் கெட்டிருந்தால் தாராளமாகச் சரிசெய்யுங்கள். லென்ஸ் பகுதியில் மணல் புகுந்திருந்தாலோ, கீழே விழுந்து பல்சக்கரம் உடைந்திருந்தாலோ, அதே மாடல் பழைய சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறதென விசாரித்த பின்பே பணம் கொடுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். பாட்டரியைக் கழற்றிய பின்னும் ஃபிளாஷ் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

ஒரு காலத்தில் நிறுவனங்களே முன்வந்து பழுது நீக்கித் தந்ததும் உண்டு. 2005-இல் சோனி தயாரித்த சிசிடி சென்சார்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதாவது தெரியவந்தபோது, அவற்றைப் பொருத்தியிருந்த கேனான், நிக்கான் முதலிய நிறுவனங்களும் கட்டணமின்றி மாற்றித் தந்தன. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் அதிகமான கேமராக்கள் சென்றன. பிறகு கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பல பழைய மாடல்களுக்கு இப்போது உதிரிப்பாகமே கிடைப்பதில்லை.

எங்கள் கேமராவைச் சரிசெய்யக் கேட்ட தொகை, அதே மாடலின் பழைய விலையை விட அதிகம். ஆகவே பழுது பார்க்கும் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். திரை நன்றாக இருக்கிறது, வேறொருவருக்கு ஆகும் என்றார்.