கொப்பூழ்க்கொடி முந்தும்போது

கருவிலுள்ள குழந்தைக்குப் பிராணவாயுவும் உணவும் ஒரே வழியாக வந்து சேருகின்றன. அவ்வழியே கொப்பூழ்க்கொடியாகும். ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்கொடியில் மூன்று இரத்தக் குழாய்கள் உள்ளன. ஒரு சிரை, நச்சுக்கொடியிலிருந்து தூய இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருகிறது. இரு தமனிகள், பயன்பட்ட இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்கின்றன. குழாய்கள் நசுங்காவண்ணம் கூழ் போன்ற ஒரு பொருள் அவற்றைச் சூழ்ந்து காக்கிறது.

எனினும், இப்பாதுகாப்பும் போதாத நிலை ஒன்றுண்டு. பனிக்குடம் உடைந்ததும் குழந்தைக்கு முன்னே கொடி சரிந்து இறங்குமாயின், தாயின் இடுப்பெலும்புக்கும் குழந்தையின் உடலுக்கும் இடையே அது நசுங்குகிறது. வெளிக்குளிர்ச்சி பட்டாலும் குழாய்கள் சுருங்கும். 1,000 பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரையே இவ்வாறு நேரிடுகிறது. நேர்ந்துவிட்டாலோ, சில நிமிடங்களிலேயே குழந்தையின் மூளை பழுதுறலாம், உயிரும் பிரியலாம்.

குழந்தையின் தலை இடுப்புக்குழியில் நன்கு பொருந்தியிருந்தால் கொடி இறங்குவதற்கு இடமிராது. குழந்தை குறுக்காகக் கிடத்தல், கால் முந்தி நிற்றல், குறைப்பிரசவம், பனிக்குட நீரின் மிகுதி, இரட்டையருள் இரண்டாவதாகப் பிறத்தல் ஆகிய நிலைகளில் அபாயம் மிகுதி. குறுக்காகக் கிடக்கும் குழந்தையைச் சுமக்கும் தாய், 37 வாரங்கள் நிறைந்ததும் மருத்துவமனையில் தங்கியிருப்பதே நன்று.

கொடி வெளிப்பட்டதும் செய்யத்தக்கவை எளியவை. தாய் முழங்கால்களையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குப்புறக் கவிந்திருத்தல் வேண்டும். வண்டியில் செல்லும்போது, இடுப்பின் கீழ்த் தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தல் வேண்டும். பயிற்சி பெற்ற தாதி, கையுறையணிந்த விரல்களால் குழந்தையின் தலையை மேல்நோக்கித் தாங்கிப் பிடிப்பார். அல்லது மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் சுமார் 500 மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்தித் தலையை உயர்த்துவார். கொடியைப் பலமுறை தொடுவதும் உள்ளே தள்ள முயல்வதும் தீங்கு விளைவிக்கும். இவையெல்லாம் காலத்தைச் சற்று நீட்டித் தருவன மட்டுமே. உடனடியான பிரசவமே முடிவான சிகிச்சை. பெரும்பாலும் அது அறுவை வழியே நிகழும்.

பிறந்த குழந்தை அழாதிருப்பின், உடலைத் துடைத்து வெதுவெதுப்பாக வைத்து, முதல் நிமிடத்திற்குள்ளாகவே பையும் முகமூடியும் கொண்டு மூச்சூட்டத் தொடங்குதல் வேண்டும். பிரசவ அறைப் பணியாளருக்கு இதனைக் கற்பிக்கும் திட்டமொன்றை இந்திய அரசு 2009-இல் தொடங்கியது. 2005-06-இல் நாட்டின் பிரசவங்களுள் 39 சதவீதமே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21-இல் இது 89 சதவீதமாக உயர்ந்தது. கொடி முந்தும் வேளையில் உதவி அருகிலிருப்பதே குழந்தையின் உயிரைக் காக்கும். ஆதலின், பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டுமென்று காத்திராமல் உடனே மருத்துவமனை செல்லுதல் ஒவ்வொரு குடும்பத்தாரின் கடமையாகும்.