நந்தினி இருந்தாளா?

'பொன்னியின் செல்வன்' படித்த சகோதரிகளே, நந்தினி நிஜமாகவே இருந்தவள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர்கதை எழுதிய கல்கியின் பேனாவில் பிறந்தவள் அவள்.

ஆதித்த கரிகாலன் கொலையுண்டது சரித்திரம். துரோகி ரவிதாசனின் பெயரும் அவன் சகோதரர்களின் பெயர்களும் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கல் மௌனமான அந்த இடத்தில்தான் கல்கி காதலையும் பழியையும் மர்மத்தையும் குடியேற்றினார். சரித்திரக் கதைக்குள்ளேயே காதல் கதையும் மர்மக் கதையும் பிறந்துவிட்டன!

ரசியுங்கள், தாராளமாக. ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லும்போது மட்டும், "இது கல்வெட்டு, இது கற்பனை" என்று பிரித்துச் சொல்லுங்கள். கதையின் சுவையும் குறையாது, சரித்திரமும் பிழைக்கும்.